வக்கீலம்மாவுக்கு ஒரு நாள் அறிவு

கை எழுதிக்கொண்டிருக்கிறது. ‘அப்படியா?’ என்று எழுதி, அடுத்த வரியில் அடைப்புக்குறிக்குள் ‘நம்புகிறாள்’ என்று சேர்க்கிறது. கொஞ்சம் யோசித்து, ‘நம்புகிறாள்’ என்பதற்கு முன்னால் ‘முழுசாக’ என்று ஒரு சொல்லைச் செருகி, அதற்கு அடிக்கோடும் போடுகிறது.

வாசகரே, அறிவிறக்கி என்னும் இனம் இதுதான். லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவர் மனுஷி தலையிலிருந்து அறிவை இறக்குகிறவர். மூட்டைக்காரர்கள் ‘தள்ளு, தள்ளு’ என்று சத்தம் போடுவார்கள். இவரிடம் சத்தமே கிடையாது. தினமும் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். இறங்குவது நமக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

விசிட்டிங் கார்டில் ‘தொலைக்காட்சித் தொடர் வசனகர்த்தா’ என்று போட்டிருக்கும். உட்காருவது படப்பிடிப்பு வீட்டின் மாடிப்படிக்கு அடியில். அந்தப் படி மேலே எங்கேயும் போகாது. கோபமாக ஏறுகிறவர்கள் உச்சியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பின்பக்கம் சாத்தியிருக்கும் ஏணி வழியாக இறங்கி டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் கதையும் ஏறத்தாழ அப்படித்தான்.

ஆரம்பத்தில் இவர் படைத்த வக்கீல் மருமகள் எப்பேர்ப்பட்டவள் தெரியுமா? பொய்ச்சாட்சியின் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தே, அவன் சம்பவ இடத்துக்குப் போகவே இல்லை என்று நிரூபித்தவள். நீதிபதி பேனாவை மூடிவைத்துவிட்டு வாயைப் பிளந்தார். தொடர் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்ட தொடர் முடியலாமா? ஆனால் இவ்வளவு அறிவுள்ளவள் வீட்டுக்குள் நடமாடினால் எந்தச் சதியும் முதல் விளம்பரத்தைத் தாண்டாதே. என்ன செய்வார் பாவம்! முதலில் அவளுக்குக் கொஞ்சம் தலைவலி கொடுத்தார். அப்புறம் கருணை கொடுத்தார். அப்புறம், கையில் பால் டம்ளர் இருந்த ஒரே காரணத்தால், நாத்தனார் நீட்டிய வெற்றுத்தாளில் ‘என்ன இது?’ என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட வைத்தார். இப்போதெல்லாம் நாத்தனார் இரண்டடி தள்ளி நின்று, போனில் சதித்திட்டத்தை முகவரியோடு விளக்குகிறாள். வக்கீலம்மா பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

பிளாஸ்டிக் செடி.

காது கேட்காதா என்று இயக்குநர் கேட்டதற்கு, “நல்ல மனசு சார் அவளுக்கு” என்றார் இவர். இவர் அகராதியில் எந்தக் கேள்விக்கும் அதுதான் பதில்.

ஒரே நாளில் ஆளை முட்டாளாக்குவது கத்துக்குட்டிகளின் வேலை என்பது இவர் கொள்கை. பொறுமை வேண்டும், அளவு வேண்டும். இந்தப் பொறுமைசாலி, டாக்டர் சொன்னதற்காகத் தினமும் காலையில் நடக்கவும் போகிறார். அதாவது, தெருமுனைப் பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்து, குழாயடியில் சட்டையை நனைத்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி வீடு திரும்பி, “இன்னைக்கு அஞ்சு சுத்து” என்பார். மனைவி துண்டை நீட்டி, “அப்படியா?” என்பாள். நல்ல மனசு.

இவ்வளவு சீராக ஓடிய தொழிலில்தான் அன்று கல் விழுந்தது. வக்கீலம்மாவாக நடிப்பவர், ஒரு புருவம் மட்டும் வரைந்த முகத்தோடு மாடிப்படிக்கு அடியில் வந்து நின்றார்.

“போன வாரம் பேங்க்குக்குப் போனேன் அண்ணே. கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு எனக்கு ஃபாரத்தை எழுத்துக்கூட்டிப் படிச்சுக் காட்டுது. ‘கையில டம்ளர் இருந்தா கீழ வச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க மேடம்’னு சொல்லுது.”

இன்று ஒரு காட்சியிலாவது தனக்கு அறிவு வர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த புருவத்தை வரைய விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் நகர்ந்ததும் நாத்தனாராக நடிப்பவர் வந்தார்.

“அவளுக்கு அறிவு வந்தா நான் ஜெயிலுக்குப் போகணுமே அண்ணே. இப்பதான் ஸ்டுடியோ பக்கத்துலயே வீடு பார்த்துக் குடிவந்திருக்கேன்.”

நாத்தனாருக்குப் பின்னால் ஒப்பனைக்காரர், விளக்குப் பிடிப்பவர், டீ கொண்டுவருபவர் என்று ஒரு கூட்டமே கவலையோடு எட்டிப்பார்த்தது. அத்தனை பேர் வீட்டு அடுப்பும் வக்கீலம்மாவின் அறியாமையில்தான் எரிந்துகொண்டிருந்தது.

தயாரிப்பாளர் போனில் பெருந்தன்மையாகப் பேசினார். “தாராளமா அறிவு குடுங்க. ஆனா கதை நகரக் கூடாது.” மத்தியானச் சாப்பாட்டுக்குள் காட்சி கைக்கு வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும் அதே பெருந்தன்மையோடு சொல்லிவைத்தார்.

இவர் எழுதினார், கிழித்தார். வக்கீலம்மா ‘தாள் ஏன் காலியா இருக்கு?’ என்று கேட்டால் மூன்றாவது வரியில் தொடர் முடிகிறது. சரி, நாத்தனாரின் அறிவை இன்னும் கொஞ்சம் இறக்கிச் சமன் செய்யலாமா? அவளே கதவை எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாத நிலைக்கு எப்போதோ வந்தாயிற்று. அறிவை இறக்கத் தெரிந்தவருக்கு ஏற்றத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் போட்டார்.

“ஒருத்திக்கு எல்லாமே தெரிஞ்சிடுது. ஆனா எதுவும் நடக்கக் கூடாது. எப்படி?”

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி யோசிக்கக்கூட இல்லை. “தெரிஞ்சா உடனே சொல்லிடணுமா என்ன?”

“பின்ன?”

“சொன்னா அப்புறம் அதுக்கு ஒரு சண்டை, ஒரு சமாதானம். யாருக்கு நேரம் இருக்கு? தெரியாத மாதிரி இருந்துட்டா எல்லாம் அதுபாட்டுக்கு ஓடும்.” போர்வையை உதறும் சத்தம் கேட்டது. “நடந்துட்டு வர்றவங்களுக்கு முதுகெல்லாம் வேர்க்கும். உங்களுக்கு முன்பக்கம் மட்டும்தான் நனைஞ்சிருக்கும். நான் என்னைக்காவது கேட்டேனா?”

பேனா நின்றது. வாய் மட்டும் நிற்கவில்லை, பழகிய வேகத்தில் முந்திக்கொண்டது.

“அப்படியா?” என்றார்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வசனம் என்று உறைத்தது.

“ம்” என்றாள் மனைவி. “நாளைக்கு எத்தனை சுத்து?”

“ஆறு.”

“அப்படியா?”

அதற்குப் பிறகு கை நிற்கவே இல்லை. நாத்தனார் வெற்றுத்தாளை நீட்டுகிறாள். வக்கீலம்மா டம்ளரைக் கீழே வைக்கிறாள். தாளைத் திருப்பிப் பார்க்கிறாள், நாத்தனாரின் செருப்பைப் பார்க்கிறாள், கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறாள். நாத்தனார் போனதும் செடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, ‘எல்லாம் தெரியும். சொல்லிட்டா இந்த வீடு இன்னைக்கே முடிஞ்சுபோயிடுமே’ என்கிறாள். தண்ணீர் ஊற்றுகிறாள். கதை ஓர் அங்குலம் நகரவில்லை. ஆனால் இத்தனை நாள் இறக்கிய மூட்டை முழுவதும் ஒரே வரியில் தலைக்கு ஏறிவிட்டது.

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் தாளை நீட்டினார். நடிகை நின்றபடியே படித்தார். மறுபடியும் ஒருமுறை படித்தார். பிறகு தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, ஒப்பனைக்காரர் முன்னால் உட்கார்ந்து, மிச்சமிருந்த புருவத்தைக் காட்டினார்.

வாசகரே, நீங்கள் இந்த இனத்தில் சேர்த்தி இல்லை என்கிறீர்கள். நீங்கள் யாருக்கும் வசனம் எழுதுகிறவர் இல்லை. நேற்று தாமதமாக வந்ததற்கு நீங்கள் சொன்ன காரணத்தை உங்கள் வீட்டில் எல்லோரும் அப்படியே நம்பிவிட்டார்கள் என்கிறீர்கள்.

அப்படியா?