கழுவாத காந்தம்

முப்பத்தொரு தடவை சொன்ன பேச்சைக் கேட்ட குடுவை, முதலாளி பார்க்க வர இரண்டே நாள் இருக்கும்போது அடம் பிடித்தது.

கெமிஸ்ட்டம்மா குனிந்து பார்த்தார். வினை நடந்திருந்தால் இந்நேரம் நல்ல மஞ்சளாகியிருக்க வேண்டிய தண்ணீர் வெளிறிப்போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, இன்னும் பச்சத் தண்ணிதானா?" என்றார் மேனேஜர். குரலில் அத்தனை குளிர்ச்சி.

அது வாசனைப் பொருள் செய்யும் தொழிற்சாலை. வாசனை வெளியே போய்விடும், நாற்றம் உள்ளே இருக்கும். இருபது வருடமாக ஒரே முறைதான். தலைவலி தரும் கரைப்பானைத் தொட்டியில் ஊற்றி, வேதிவினையை முடுக்கிவிட அரிதான ஓர் உலோகப் பொடியை ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி போடுவார்கள். வேலை முடிந்ததும் பொடி கழிவோடு பீப்பாய்க்குப் போய்விடும்.

"கரைப்பானும் வேண்டாம், பொடியும் வேண்டாம், வெறும் தண்ணியிலயே நடக்கும்" என்று கெமிஸ்ட்டம்மா சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை முதலாளி முன்னால் நடத்திக் காட்டினால் நாற்றத்துக்கு முழுக்கு. காட்டாவிட்டால் அவருடைய ஆராய்ச்சிக்கு முழுக்கு, லேபிள் ஒட்டும் பிரிவுக்கு மாற்றல்.

வம்பை ஆரம்பித்து வைத்தது மேனேஜர்தான். குடுவைக்குள் சுழன்று கலக்கும் விரல் நீளக் காந்தம் ஒன்று உண்டு. அவருடைய பழைய முறையில் வருடக்கணக்கில் உழைத்துக் கறுத்துப்போனது. கெமிஸ்ட்டம்மா வேலைக்குச் சேர்ந்தபோது புதிது கேட்டதற்கு, "உன் ஆராய்ச்சிக்கு இது போதும்" என்று அதைத்தான் தள்ளிவிட்டிருந்தார். இப்போது முதலாளி வருகிறார் என்றதும், "இந்தக் கறுப்பெல்லாம் அவர் கண்ல படக்கூடாது. எல்லாம் புதுசா இருக்கணும்" என்று புதுக் காந்தம் வாங்கித் தந்தார்.

அதைப் போட்ட அன்றைக்குத்தான் தண்ணீர் வெளிர்மஞ்சளோடு நின்றுவிட்டது.

கெமிஸ்ட்டம்மா தண்ணீரைச் சந்தேகித்து, இரண்டு முறை காய்ச்சி வடித்தார். மஞ்சள் இன்னும் குறைந்தது. குடுவையைச் சந்தேகித்துத் தொட்டிக்காரரிடம் கொடுத்தார். பெரிய தொட்டியைப் பார்த்துக்கொள்வதும் குடுவை கழுவுவதும் அவர்தான்.

"அமிலம் ஊத்தித் தேய்ச்சாச்சும்மா. மூஞ்சி பாக்கலாம்."

"இதே மாதிரி தொட்டியையும் ஒரு நாள் தேய்ங்களேன்."

"ஐயோ, வேணாம்மா. ராசியான தொட்டி, உள்ள தேய்ச்சா தொலைச்சிடுவேன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு. அலசுறதோட சரி."

தேய்த்த குடுவையில் மஞ்சள் வாடையே இல்லை. மூலப்பொருளையும் மறுபடி சுத்தம் செய்தார். சுத்தம் கூடக் கூட வினை சுத்தமாகப் படுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்து அரை மணி நேரம் நின்றார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"நான் அப்பவே சொன்னேனேய்யா," என்றார் மேனேஜர். "தலைகீழா நின்னாலும் பொடி இல்லாம நடக்காது."

"நடக்கும்," என்றார் கெமிஸ்ட்டம்மா. "முப்பத்தொரு தடவை நடந்துச்சு. நான் பொய் எழுதல. காரணம் தெரியற வரைக்கும் இந்த மேசைய விட்டு நகர மாட்டேன். லேபிள் ஒட்ட வேற ஆளப் பாருங்க."

எதையெல்லாம் மாற்றினோம் என்று விரல் விட்டு எண்ணினார். மூலப்பொருள், குடுவை, தண்ணீர். அதற்கும் முன்னால்?

"அந்தப் பழைய காந்தம் எங்க?"

"தூக்கிப் போட மனசு வரலம்மா," என்றார் தொட்டிக்காரர். "என் அலமாரிக் கதவுல காலண்டர ஒட்டி வச்சிருக்கேன்."

கொண்டுவந்தார். போட்டார்கள். பத்தே நிமிடத்தில் தண்ணீர் எலுமிச்சம்பழ நிறத்துக்கு வந்துவிட்டது.

மேனேஜர் துள்ளினார். "பாத்தீங்களாய்யா? அந்தக் கறுப்பு என் பொடி. காந்தத்துல ஒட்டியிருக்கு. பொடியே வேணாம்னு சொன்னாங்களே, இப்ப எங்க வச்சிப்பாங்க மூஞ்சிய?"

கெமிஸ்ட்டம்மாவுக்குக் காது சுட்டது. மேனேஜர் சொன்னது உண்மை.

"சரி சார், நான் சொன்னது தப்பு. பொடி வேணும். ஆனா எவ்வளவு வேணும்? என்னைக்கோ ஒட்டின அழுக்கு முப்பத்திரண்டு தடவை உழைச்சிருக்கு. நீங்க தடவைக்கு ஒரு கரண்டி போட்டு, பீப்பாயில கொட்டறீங்க."

"குடுவை வேற, தொட்டி வேற. இருபது வருஷ அனுபவத்துல சொல்றேன், தொட்டியில ஒரு நாள் கரண்டிய நிறுத்தினா அன்னைக்கே எல்லாம் படுத்துடும். சந்தேகம்னா இவரையே கேளுங்கய்யா. தினமும் போடற கை."

முதலாளி திரும்பினார். தொட்டிக்காரர் தலையைச் சொறிந்தார்.

"பொடி அலமாரி சாவி தொலைஞ்சு ஏழு மாசம் ஆச்சுங்கய்யா. திட்டு விழும்னு பயந்து, ஒண்ணுமே போடாமதான் ஓட்டிக்கிட்டிருக்கேன்."