ஆறு குடும்பமும் ஒரு மீசையும்

"ஒரே ஒரு ஆள் போதும் சார். உங்க காபியை வாங்கிக் குடிச்ச ஒரு ஆள்" என்றார் தொலைபேசியில் அந்த அம்மாள்.

காபிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாரத்துக்கு நாற்பது பாக்கெட் போகிற சரக்கு! ஒரே ஒரு ஆளாம்!

"நாளைக்கே நாலு பேரைக் கூட்டி வரட்டுமாம்மா?"

"வேண்டாம். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை நானே உங்க வீட்டுக்கு வரேன். பாக்கெட் மேல அச்சடிச்சதை எல்லாம் நான் நம்பறதில்ல. குடிச்சவங்க வாயால கேட்கணும்."

அந்த அம்மாள் பதினெட்டுக் கிளைகள் உள்ள ஒரு பெரிய மளிகைக் கடைக்குச் சரக்கு தேர்ந்தெடுக்கும் அதிகாரி. அவர் தலையசைத்தால் பதினெட்டுக் கடையிலும் காபிக்காரரின் பாக்கெட் ஏறிவிடும். காபிக்காரர் போனை வைத்தார். யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தார். யோசித்தார், யோசித்தார், ஒரு முகம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை.

அவருடைய கதை இதுதான். மச்சினனின் டைல்ஸ் கடையில் குடோனைப் பார்த்துக்கொண்டு ஒழுங்காகத்தான் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டைல்ஸ் இறக்க மலைக்குப் போனவர், அங்கே எண்பது வருஷத்துப் பழைய காபி மரங்களைப் பார்த்துவிட்டார். ஆறு விவசாயிகளின் தோட்டத்தில், அவர்களுடைய பாட்டன்கள் நட்ட மரங்கள். வேறெங்கும் அந்த ரகம் கிடையாதாம். அவ்வளவுதான், மனிதர் கிறங்கிப் போனார். வேலையை விட்டார், வீட்டு முன்னறையில் வறுக்கிற இயந்திரத்தை வைத்தார், 'பாட்டன் காபி' என்று பெயரும் வைத்தார். பாக்கெட்டின் மேல் அந்த ஆறு பேரின் பெயர்கள். அதற்கு மேலே காபிக்காரரின் படம். படத்தில் முகம் பாதி, மீசை பாதி.

யார் என்ன கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். "எனக்காக இல்லீங்க. ஆறு குடும்பம் என்னை நம்பி இருக்கு." சொல்லும்போது கண் கலங்கிவிடும். நடிப்பில்லை. நான் விட்டுவிட்டால் மரங்களை வெட்டிவிடுவார்களே என்று நிஜமாகவே தூக்கமில்லாமல் தவித்தவர்.

மனைவி மட்டும் இதற்கெல்லாம் மசியவில்லை. "ரெண்டு வருஷம் பார்த்தாச்சு. இந்த மாசக் கடைசிக்குள்ள இந்தக் காபியை நம்பி ஒரு ஜீவன் இருக்குன்னு என் கண்ணுல காட்டுங்க. இல்லேன்னா பேசாம என் தம்பி கடைக்கே போயிடுங்க" என்று கெடு வைத்திருந்தாள்.

சரி, இப்போது குடித்தவனைக் காட்டவேண்டும். பக்கத்து வீட்டில் விசாரித்தார்.

"நாங்க டீங்க" என்று கதவைச் சாத்தினார்கள்.

எதிர் வீட்டுக்காரர், "போன வருஷம் நீங்க குடுத்த பாக்கெட்டுதானே? பத்திரமா இருக்கு" என்றார். அவர்கள் வீட்டுச் செருப்பு அலமாரியில் இருந்தது. வாடை தெரியாமல் இருக்குமாம்.

அட, இது என்ன கூத்து! பிறகு வாரா வாரம் நாற்பது பாக்கெட்டை யார்தான் வாங்குகிறார்கள்?

பாட்டன் காபி ஊரில் ஒரே இடத்தில்தான் விற்றது, பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில். அந்தக் கடைக்காரர் எதற்கெடுத்தாலும் "ஆகட்டும்" என்பார். அதனால் ஊரில் அவருக்கு 'ஆகட்டும்' என்றே பெயர். செவ்வாய்க்கிழமை காலையில் மலையிலிருந்து வேன்காரர் கொட்டை மூட்டையை இறக்கிவிட்டுப் போவார். அன்றைக்கே காபிக்காரர் நாற்பது பாக்கெட்டை 'ஆகட்டும்' கடையில் அடுக்குவார். சாயங்காலம் அலமாரி காலி.

"யாருங்க வாங்கறாங்க?" என்று கேட்டால், "யாரோ வராங்க, வாங்கறாங்க" என்று 'ஆகட்டும்' சோடா பாட்டிலைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமையாக அமைந்தது. கண்ணால் பார்த்துவிடுவது என்று காபிக்காரர் முடிவு செய்தார். பாக்கெட்டை அடுக்கிவிட்டு, கடைக்கு நேர் எதிரே இருந்த சலூனுக்குள் நுழைந்தார்.

"சும்மா உட்கார்ந்துக்கறேனே" என்றார்.

"சும்மா உட்கார இது பார்க்கா?" என்றார் முடிதிருத்துபவர்.

வேறு வழியில்லாமல் நாற்காலியில் சாய்ந்தார். கண் மட்டும் கண்ணாடியில் தெரிந்த பெட்டிக்கடை மேல் இருந்தது. முடி வெட்டியாயிற்று, தாடி மழித்தாயிற்று. ஒரு ஈ, காக்கைகூட அந்தப் பக்கம் வரவில்லை.

"மீசை ஓரத்தை லேசா ஒதுக்கட்டுமா?"

"ம்."

கத்தி மீசையைத் தொட்ட அதே நொடியில் வெளியே வேன் ஹாரன் அடித்தது. காபிக்காரர் சட்டென்று திரும்பினார். மீசையில் பாதி திரும்பவில்லை, தரையில் கிடந்தது.

"ஐயையோ!" என்றார் முடிதிருத்துபவர்.

"ஐயையோ!" என்றார் காபிக்காரர்.

இருவரும் மாற்றி மாற்றி அலறி முடித்து, மிச்ச மீசையையும் எடுப்பதைத் தவிர வழியில்லை என்று சமாதானத்துக்கு வந்தபோது, எதிரே அலமாரி துடைத்துவிட்டது போலக் காலியாக இருந்தது. தெருவில் வேன் கிளப்பிய புழுதிதான் மிச்சம்.

வீட்டுக்குப் போனால் மனைவி கதவைப் பாதி திறந்து, "யாருங்க? அவர் வெளியே போயிருக்கார்" என்றாள்.

"நான்தாண்டி!"

அவள் உற்றுப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மீசையை எடுத்தா முகமே இல்லியேங்க உங்களுக்கு" என்றாள்.

காபிக்காரர் மனம் தளரவில்லை. வியாழக்கிழமை இருபது பாக்கெட்டுகளில் தலைக்கு ஒரு சீட்டைப் போட்டார். 'இந்த எண்ணுக்குப் பேசினால் இன்னொரு பாக்கெட் இலவசம்.' தன் போன் சதா வியாபாரத்துக்கு வேண்டும் என்பதால் மனைவியின் எண்ணைக் கொடுத்தார்.

'ஆகட்டும்' அந்த இருபதைப் பார்த்ததும் முகம் வாடினார். "வாரத்துக்கு நாற்பதுதானே? இன்னும் இருபதா? பாவங்க..."

"யாருங்க பாவம்?"

"ஒண்ணுமில்ல. ஆகட்டும்."

அந்த இருபதும் அன்றைக்கே போயின. மறுநாள் மாலை மனைவியின் போன் அடித்தது. காபிக்காரர் பாய்ந்து எடுத்து, "வணக்கம், பாட்டன் காபி!" என்றார்.

"ஐயோ, அவரே எடுக்கிறாரு!" என்று ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது. போன் கட்.

அடுத்த அரைமணியில் இன்னும் ஐந்து அழைப்புகள். ஒன்றில் இருமல், ஒன்றில் கோழி கொக்கரிப்பு, மற்றவற்றில் வெறும் மூச்சு. இவர் குரலைக் கேட்டதும் ஆறு பேருமே வைத்துவிட்டார்கள்.

காபிக்காரருக்குத் தலை சுற்றியது. வாங்குகிறவன் ஏன் ஒளிகிறான்? இலவசம் என்றால்கூட ஏன் ஓடுகிறான்? கடைசியில் அவருக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. "டீக்காரங்க சதி! மொத்தமா வாங்கிக் கொண்டுபோய்க் குப்பையில கொட்டறாங்க. என்னை அழிக்கப் பார்க்கிறாங்க!"

"உங்களை அழிக்க ஒருத்தன் காசு போட்டு அறுபது பாக்கெட் வாங்கணுமா? சும்மா இருந்தாலே போதுமே" என்றாள் மனைவி.

இருந்தும் ஞாயிற்றுக்கிழமை ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக் குப்பைத் தொட்டிகளைக் கிளறினார். ஒரு பாக்கெட்கூட அகப்படவில்லை. ஆனால் அதை யாரோ பார்த்துவிட்டார்கள். மாலையில் எதிர் வீட்டிலிருந்து பழைய சட்டை நான்கு வந்து சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. கையில் ஒரு ஆள்கூட இல்லை. கடைசி வழியாக மச்சினனைப் பிடித்தார்.

"கவலைய விடுங்க மாமா. நான் டைல்ஸையே பாராட்டிப் பேசி விக்கறவன். காபி என்ன பிரமாதம்?" என்றான் மச்சினன்.

அதிகாரி அம்மாள் சரியாகப் பதினோரு மணிக்கு வந்தார். பாக்கெட்டில் இருந்த படத்தைப் பார்த்தார், காபிக்காரரைப் பார்த்தார். "இவர் யாரு, உங்க அண்ணனா?"

"நான்தாம்மா. மீசைதான்... ஒரு விபத்து."

"ஓ." அவர் குறிப்பேட்டில் என்னவோ எழுதினார். "குடிக்கிறவர் எங்கே?"

மச்சினன் நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்தான். "நான்தாங்க. ரெண்டு வருஷமா பாட்டன் காபிதான். பாருங்க, முட்டி வலி போச்சு. முடி கொட்டறது நின்னு போச்சு."

அவனுக்கு வழுக்கை. அதிகாரி அம்மாள் அதையும் பார்த்தார்.

"எப்படிப் போடுவீங்க?"

"எதை?"

"காபியை."

மச்சினன் காபிக்காரரைப் பார்த்தான். காபிக்காரர் கையால் ஜாடை காட்டினார். அவன் அதைத் தன் இஷ்டத்துக்குப் புரிந்துகொண்டான். "குக்கர்ல தண்ணி ஊத்தி, தூளைப் போட்டு, மூணு விசில் விட்டு இறக்கணும்ங்க."

உள்ளே மனைவி தலையில் அடித்துக்கொண்ட சத்தம் முன்னறை வரை கேட்டது.

"விசிலா?" என்று அதிகாரி குறிப்பேட்டை மூடினார். "சார், நீங்க நல்லவர் மாதிரி தெரியுது. ஆனா ஒரு ஆளைக்கூட..."

காபிக்காரர் கைகூப்பினார். "அம்மா, பொய் சொன்னது தப்புதான். மன்னிச்சிடுங்க. எனக்காக நான் கேட்கல. ஆறு குடும்பம் என்னை நம்பி இருக்கு. நான் கையை விட்டா அவங்க பாட்டன் வெச்ச மரம் போயிடும். அதுக்காகத்தான் இந்தக் கூத்தெல்லாம்." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த அம்மாளுக்கே மனம் இளகிவிட்டது. அப்போதுதான் வாசலில் ஹாரன் கேட்டது. வேன்காரர் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து தொப்பென்று போட்டார். சுற்றிலும் பார்த்தார். டைல்ஸ் கடைக்காரரைத் தெரியும். குறிப்பேடு வைத்திருந்த அம்மாளும், சுவரோரம் நின்ற மீசையில்லாத மனிதரும் புதிதாகத் தெரிந்தார்கள்.

"காபிக்காரர் இல்லீங்களா?"

காபிக்காரர் திரும்பி வாயைத் திறந்தார். அதிகாரி அம்மாள் கையமர்த்தினார். "வருவார். நாங்க பெரிய கடையில இருந்து வந்திருக்கோம். பஸ் ஸ்டாண்டுல இந்தக் காபியை யாரு வாங்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? நான்தான் வாங்கறேன்."

"நீங்களா? நாற்பதுமா?"

"எனக்கில்லீங்க. மூட்டை குடுத்துவிடற அந்த ஆறு வீட்டுக்குத்தான். மலைக்குத் திரும்பும்போது ஏத்திட்டுப் போயிடுவேன். போன வியாழக்கிழமை இருபது கூடுதலா வந்துச்சுன்னு அதுக்குத் தனியா ஒரு நடை வந்தேன்." வேன்காரர் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவர் காதுல போட்டுடாதீங்க. பெட்டிக்கடைக்காரர்கிட்டகூட சத்தியம் வாங்கி வெச்சிருக்கோம்."

"அவங்க அவ்வளவு காபி குடிப்பாங்களா?"

"குடிக்கிறதாவது! மனுஷன் கரியா இல்ல வறுக்கிறாரு? கோழிக் கூண்டுல நாத்தம் போகத் தூவறாங்க. அந்த மரத்தையே வெட்டிட்டு வேற ஏதாவது வெக்கலாம்னு மூணு வருஷமா கோடாலியைத் தீட்டி வெச்சிருக்காங்க."

"அப்புறம் ஏன் வெட்டல?"

வேன்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எப்படிம்மா வெட்டுவாங்க, பாவம், அந்த ஒரு குடும்பம் இவங்க ஆறு பேரை நம்பித்தானே இருக்கு!"