டிக்கிக்குப் போன பேட்டரி

கார் பேட்டரியை டிக்கிக்குள் வைத்துப் பூட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். யார் தடுத்தாலும் கேட்பதாக இல்லை. யாரும் தடுக்கவில்லை. காரணம், நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று, எவளிடமிருந்து பேட்டரியைக் காப்பாற்ற வேண்டுமோ அவள். என் மனைவி.

கார் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வாசலில் நிற்பதைப் பார்த்தவர்கள், "யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க போலிருக்கே" என்று அக்கறையாகச் சொல்வார்கள். பக்கத்து சீட்டுக் கண்ணாடியை ஏற்ற வேண்டுமென்றால் டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்று மெக்கானிக்குக்கும் தெரியாது.

எங்கள் மகள் ஓட்டக் கற்றுக்கொண்டது அந்தக் காரில்தான். போன மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. இதை வேடிக்கையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் அப்படியே சொல்லிவிட்டேன்.

அவள் கொஞ்சம் குள்ளம். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவாள். நான் அதைப் பின்னால் தள்ளவே இல்லை. ஸ்டியரிங்குக்கும் என் வயிற்றுக்கும் நடுவில் ஒரு வெற்றிலை நுழையாது. அப்படியே ஓட்டிப் பழகிவிட்டேன்.

சாயங்காலம் ஆனால் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். மூடிக் கிடக்கும் சினிமா தியேட்டருக்குப் பின்னால் ஒரு காலி இடம் உண்டு. அங்கே நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, அழுவேன். சும்மா கண் கலங்குவது எல்லாம் இல்லை. சத்தம் போட்டு அழுவேன். முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெளியே போனதற்கு ஒரு சாட்சி வேண்டுமே என்று தியேட்டர் பக்கத்துக் கடையில் ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

வீட்டிலேயே அழுதால் என்ன என்று கேட்பீர்கள். எப்படி அழுவது? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து என் மனைவி என் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. துணி மடிக்கிறாள், பருப்பு களைகிறாள், பால்காரனோடு சண்டை போடுகிறாள். பெற்றவளே கல் மாதிரி நிற்கும்போது, ஆம்பளை நான் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றால் அவளையும் சேர்த்தல்லவா கவிழ்த்துவிடுவேன்? ஆகவே கார். அந்தக் கார் இல்லாவிட்டால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

"மறுபடியும் சோப்பா?" என்பாள்.

"குளிக்க வேண்டாமா?"

"பரண் பூரா சோப்பு. குளிச்சுத் தீர்க்கணும்னா இனிமே யானைதான் வாங்கணும்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டி ஒருநாள் நின்றது. சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. பானெட்டைத் திறந்து பார்த்தேன். பேட்டரி மேலிருந்த ஒயரைக் கழற்றி, அதன் தலையில் ஒரு துணியைச் சுற்றி, அழகாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தது. புடவைக் கடைப் பொம்மைக்குக் கூட அவ்வளவு நேர்த்தியாகக் கட்ட மாட்டார்கள். துணி, காணாமல் போன என் பழைய பனியன்.

"பேட்டரி ஒயரை யாரோ கழட்டியிருக்காங்க."

"எலியா இருக்கும்."

"எலி கடிக்கும். ஸ்பானர் வச்சுக் கழட்டுமா?"

"எனக்கென்ன தெரியும்? உங்க கார், உங்க எலி."

"பனியனைக் கிழிச்சு முடிச்சுப் போட்டிருக்கு!"

"பொறுப்பான எலி."

இதற்கு மேல் அவளிடம் என்ன பேசுவது? ஒயரை மாட்டிவிட்டுக் கிளம்பினேன். ரெண்டு நாள் கழித்து மறுபடி எலி. ஸ்பானரை ஒளித்து வைத்தேன். எலி இடுக்கியால் கழற்றியது. கார்க் கதவைப் பூட்டி வைத்தேன். எலியிடம் வீட்டில் தொங்கிய மாற்றுச் சாவி இருந்தது. காரணம் எனக்குப் புரிந்துவிட்டதாகவே நினைத்தேன். கண் பார்வை குறைந்துவிட்டது, எங்கேயாவது மோதிவிடுவான் கிழவன் என்று பயப்படுகிறாள். பயத்தை வாய்விட்டுச் சொன்னால் நான் கேட்க மாட்டேன். அதனால் எலி வேஷம்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. டிக்கிக்குத் தனிச் சாவி. மாற்றுச் சாவி தொலைந்து காலம் ஆகிறது. இருப்பது ஒன்றே ஒன்று, அதையும் கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டுக்கொள்ளலாம். பேட்டரி முன்னால் இருந்தால்தானே எலி வரும்? பின்னால் கொண்டுபோய் வைத்துப் பூட்டிவிட்டால்?

நான் நில அளவை ஆபீசில் படம் வரைந்து ஓய்வு பெற்றவன். எதையும் அளக்காமல் தொட மாட்டேன். அங்கேதான் விழுந்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த வீட்டில் நான் எதை அளந்தாலும் டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது அவள்தான். ஜன்னல் திரை, கட்டில், சுவரில் சாய்ந்து நின்ற எங்கள் பாப்பாவின் உயரம், எல்லாம் அப்படி அளந்தவைதான். வாய் பழகிப் போச்சு. பானெட்டுக்குள் டேப்பின் ஒரு முனையை வைத்துக்கொண்டு, "கொஞ்சம் வந்து பிடியேன்!" என்று கத்திவிட்டேன். யாரிடமிருந்து மறைக்கிற வேலை என்பது கத்தின பிறகுதான் ஞாபகம் வந்தது. அதற்குள் அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எதுக்கு அளக்கறீங்க?"

"மிதியடி போடலாம்னு."

"இஞ்சின்லேர்ந்து டிக்கி வரைக்குமா?"

"நீளமான மிதியடி."

"சரி."

என் மனைவி 'ஏன்' என்று கேட்டால் நான் பிழைத்தேன். 'சரி' என்றால்தான் ஆபத்து. இது எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு மறந்து தொலைத்தேன்.

"அப்படியே சீட்டுக்கு அடியில விட்டு இழு."

"எந்த சீட்டுக்கு?"

"உன் சீட்டுதான். பக்கத்துல நீ உட்கார்வியே, அது."

"கடைசியா நான் எப்ப உட்கார்ந்தேன் அதுல?"

 அளவைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக்குக்கு எங்கள் பக்கத்தில் 'சைலன்சர்' என்று பெயர். அவன் பேசினால் அவனுக்கே பாதிதான் கேட்கும். ரகசிய வேலைக்கு இவனை விட்டால் ஆள் கிடையாது என்று நம்பி ஷெட்டுக்குப் போனேன். என்னை அவன் 'சார்' என்பான். என் மனைவியை 'அக்கா' என்பான். இதில் இருந்த விபரீதம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"பந்தயக் கார்லதான் சார் இப்படிப் பின்னாடி வைப்பாங்க," என்று கிசுகிசுத்தான். "சார் ஏதாவது பந்தயத்துக்குப் போறீங்களா?"

"ஆமாம். எதிர்த்து ஓடறது யாருன்னு கேட்காதே."

"கனமான ஒயரா இழுக்கணும். பேட்டரி பக்கத்துலயே ஃப்யூஸ் போடணும். ஆடாம பட்டை போட்டுக் கட்டணும். பேட்டரியிலேர்ந்து வர்ற வாயு டிக்கிக்குள்ள தங்கக்கூடாது, குழாய் வச்சு வெளிய விடணும்."

"எல்லாம் செய். ஒரே ஒரு நிபந்தனை. உங்க அக்காகிட்ட மூச்சுவிடக் கூடாது."

"நானா சார்? நான் பேசினா யாருக்குக் கேட்கப்போவுது?"

காரை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் நல்ல நேரம், அவளும் கைப்பையை மாட்டிக்கொண்டு, "எங்க அக்கா வீடு வரைக்கும் போயிட்டு வரேன்" என்று கிளம்பினாள். கடவுளே நம் கட்சி என்று பூரித்துப் போனேன். மதியம் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தால், டிக்கிக்குள் பட்டை கட்டி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது பேட்டரி. டிக்கியைப் பூட்டினேன். சாவி கழுத்துக்கு ஏறியது. வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டு வந்தேன். எனக்கு விசிலடிக்க வராது. அப்படியும் அடித்தேன்.

சாயங்காலம் ஆனது. சட்டையை மாட்டினேன். வேண்டுமென்றே சமையலறை வாசலில் நின்று, "கடைக்குப் போயிட்டு வரேன்" என்றேன்.

"போயிட்டு வாங்களேன்" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

காரில் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை.

இறங்கி ஓடிப் போய் டிக்கியைத் திறந்தேன். பேட்டரி இருந்தது. ஒயர் இறுக்கமாக இருந்தது. பட்டை இருந்தது. பனியன் இல்லை. சைலன்சருக்கு போன் போட்டேன். அந்தப் பக்கம் காற்று அடிக்கிற மாதிரி ஏதோ கேட்டது.

"சத்தமாச் சொல்லுப்பா!"

"சீட்டுக்கு அடியில பாருங்க சார்! அக்கா சீட்டு!" அவன் வாழ்க்கையில் முதல் முறையாகக் கத்தினான். "மெயின் சுவிட்ச் இருக்கும், அதுல சாவி போட்டாத்தான் கரண்ட் வரும். அக்காதான் வந்து போடச் சொன்னாங்க. சார்கிட்ட நானே சொல்லிக்கறேன்னு சொன்னாங்களே, சொல்லலையா?"

குனிந்து கையை விட்டுத் துழாவினேன். நான் அளந்து கொடுத்த இடத்தில், நான் அளந்து கொடுத்த ஒயரை நடுவில் வெட்டி, உருண்டையாக ஒரு சுவிட்ச். நடுவில் சாவி போடுகிற துளை. சாவியைக் காணோம், வண்டி வீட்டுக்கு வந்த பிறகு யாரோ உருவியிருக்கிறார்கள்.

நிமிர்ந்தால், கதவருகே அவள். வெளியே போகிற புடவை. தலை வாரியிருந்தாள். வீட்டைப் பூட்டியாகிவிட்டது.

"நகருங்க" என்று சொல்லித் தன் சீட்டில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து ஒரு சிவப்புச் சாவியை எடுத்தாள். குனிந்து போட்டுத் திருகினாள். டக் என்றது.

"இப்ப எடுங்க."

எடுத்தேன். கிளம்பியது. அசடு வழிய உட்கார்ந்திருந்தேன்.

"எங்க போகணும்?" என்று கேட்டேன், வாடகைக் கார் டிரைவர் மாதிரி.

"தினம் போற இடத்துக்குத்தான்."

"கடைக்குத்தான் போறேன்..."

"கடைக்குப் பின்னாடி போங்க."

 "யார் சொன்னா?"

"சோப்புதான். பையில கடை பேரு, தெரு பேரு எல்லாம் அச்சடிச்சிருக்கானே. பக்கத்துல இத்தனை கடை இருக்க, இந்த மனுஷன் ஏன் அவ்வளவு தூரம் போறார்னு ஒருநாள் நடந்து வந்து பார்த்தேன். தள்ளி நின்னு பார்த்துட்டுத் திரும்பிட்டேன்."

"பக்கத்துல வர்றதுதானே?"

"நீங்க கண்ணாடியை ஏத்திட்டு இருந்தீங்க."

கொஞ்ச தூரம் ஓட்டினேன். தெரு சரியாகத் தெரியவில்லை. பார்வைக் குறைவு இல்லை, வேறு.

"அதுக்கு எதுக்கு எலி வேஷம்? நானும் வரேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, சோப்பு வாங்கத்தானேம்பீங்க. நீங்க போனதும் அந்த வீட்ல என்னால இருக்க முடியலைங்க. அவ ரூம் திறந்தே கிடக்கு. மூடவும் மனசு வரல. குழாயைத் திறந்து விட்டுட்டு பாத்ரூம்ல உட்கார்ந்து அழறேன். உங்க கார் சத்தம் கேட்டா எழுந்து முகம் கழுவிக்கறேன். வண்டி கிளம்பலைன்னா நீங்க வீட்லயே இருப்பீங்கல்ல?"

"நீ திடமா இருக்கேன்னு நினைச்சேன்டி."

"நானா?" என்றாள்.

இந்தத் தடவை குறித்துக்கொள்ள அளவும் இல்லை. இத்தனை மாதமாக ஒரே துக்கத்தை, ஆளுக்கொரு இடத்தில் ஒளித்து வைத்துக்கொண்டு, இவளுக்குத் தெரியக்கூடாது என்று நானும், எனக்குத் தெரியக்கூடாது என்று அவளும் பூட்டிப் பூட்டி வைத்திருக்கிறோம். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

தியேட்டருக்குப் பின்னால் நிறுத்தினேன். அவள் பக்கக் கண்ணாடி ஏறுவதற்காக என் கதவைத் திறந்து பிடித்தேன். அவள் சுற்றி ஏற்றினாள். கதவைச் சாத்தினேன். சாத்தியதும் அவள் ஆரம்பித்துவிட்டாள். எனக்குத் தெரிந்த அழுகை எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. "என் கண்ணே, என் கண்ணே" என்று டாஷ்போர்டில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

வெளியே இருட்டத் தொடங்கியது. அவள் நிமிர்ந்து மூக்கைத் துடைத்தாள். குனிந்து சுவிட்சைத் திருகி, சிவப்புச் சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்தாள்.

"என்ன பண்றே?"

"நான் முடிச்சாச்சு. இப்ப நீங்க."

"எனக்கு வரல."

"வரும். வண்டி எங்கேயும் போகாது."

"பக்கத்துல ஆளை வச்சுக்கிட்டு எப்படி அழறது?"

அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டாள். "பாப்பா இந்தக் கார்ல முதல் முதல்ல எது மேல மோதினா?"

"என் மேலதான். கேட்டைத் திறந்து விட்டுட்டு நின்னுட்டிருந்தேன்."

"இறங்கி வந்து என்ன சொன்னா?"

"'அப்பா, நீங்க ஹார்ன் அடிச்சிருக்கணும்'னு..."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. ஸ்டியரிங் மேல் விழுந்து, ஹார்னில் நெற்றியை முட்டி முட்டி அழுதேன்; கரண்ட் இல்லாத ஹார்ன் சத்தம் போடவில்லை. அவள் என் நெற்றிக்கும் ஹார்னுக்கும் நடுவில் தன் கையை வைத்தாள். அந்தக் கை அங்கேயே இருந்தது.

கடைசியில் புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, குனிந்து சுவிட்சைப் போட்டாள்.

"இன்னைக்கு இது போதும். நாளைக்கும் வரணும்ல, கொஞ்சம் மிச்சம் வைங்க."