இரண்டாவது கட்டம்

காகித ஆலையின் சம்பளப் பிரிவு சன்னலில் எமெட் சாரி பத்து நிமிடமாக ஒரே தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேனா கையில் இருந்தது. குறி மட்டும் விழவில்லை.

சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்கலாம் என்று ஆலைக்குச் சொல்லும் தாள் அது. முதல் கட்டம் 'தனியாள்'. இரண்டாவது 'மணமானவர், துணையோடு சேர்ந்து கணக்குக் கொடுப்பவர்'. ஏழு வருடமாக எமெட் முதல் கட்டத்தில்தான் இருந்தார். இந்த டிசம்பர் முப்பதாம் தேதி வெர்னாவை மறுபடி மணக்கப்போகிறார். மறுபடி என்றால், இருபது வருடம் குடித்தனம் நடத்தி, விவாகரத்துக்கு மனுப் போட்டுப் பிரிந்து, போன ஏப்ரலில் மளிகைக்கடை வரிசையில் ஒருவர் பின் ஒருவராக நின்று, ஒரே பொட்டலம் காப்பித்தூளுக்குக் கை நீட்டிய பிறகு.

அக்டோபர் மாதம். ஏரியிலிருந்து ஏறி வந்த மூட்டம் அமெரிக்காவின் டுலூத் நகரத்தையே துடைத்திருந்தது. எங்கோ ஒரு கப்பல் ஊதியது. எமெட்டுக்கு அந்த இரண்டாவது கட்டம் விளக்கு எரியும் சின்ன அறை மாதிரித் தெரிந்தது. உள்ளே வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டும் மேல்சட்டையைக் கழற்றி மாட்டுகிறாள். அடுப்பில் சூப் கொதிக்கிறது.

"எமெட், அது வெறும் கட்டம்தான். உள்ளே எல்லாம் போக முடியாது. சீக்கிரம் குறி போடு, நான் சாப்பிடப் போகணும்" என்றாள் சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெர்னீஸ்.

கல்யாணம் டிசம்பரில்தானே, இப்போதே போடலாமா என்று கேட்டார். வருடத்தின் கடைசி நாளில் மணமானவராக இருந்தால் வருடம் முழுக்க மணமானவர்தான், சட்டம் அப்படி என்றாள் பெர்னீஸ். எமெட்டுக்கு அந்தச் சட்டம் ரொம்பவும் பிடித்துப்போனது. ஜனவரியில் தனியாக உட்கார்ந்து டப்பா மீன் சாப்பிட்ட ராத்திரிகள்கூட இனி மணமான ராத்திரிகள். குறி போட்டுவிட்டார்.

அடுத்த சம்பளம் நூற்றைம்பது டாலர் கொழுத்து வந்தது. எமெட் வசந்த காலத்துக்கென்று ஒரு பழைய துடுப்புப் படகைத் தவணையில் வாங்கினார். பேருந்துப் பணிமனையில் வெர்னாவும் அதே கட்டத்தில் குறி போட்டிருந்தாள். அவள் சம்பளமும் கொழுத்தது. இருவரும் இப்போது சேர்ந்திருக்கும் வீட்டின் சன்னல்களுக்கு அவள் மஞ்சள் திரைகள் வாங்கினாள். மூன்று வாரம் இருவரும் மஞ்சள் வெளிச்சத்தில் உட்கார்ந்து, படகில் எங்கெங்கே போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு பெர்னீஸ் அவரை நடையில் நிறுத்தினாள். "உன் வெர்னா வேலைக்குப் போறாதானே? அவளும் ரெண்டாவது கட்டமா?"

"ஆமா. ரெண்டு பேருக்கும்தானே கல்யாணம்."

"நாசமாப் போச்சு. வீட்ல ஒரு சம்பளம்தான்னு ரெண்டு ஆபீசும் நினைச்சுக்கிட்டு வரியைக் குறைச்சுப் பிடிக்கும். ஏப்ரல்ல வரிக் கணக்குக் கொடுக்கும்போது மிச்சத்தை மொத்தமா கட்டுவீங்க."

இருவருக்கும் வேலை இருந்தால் குறிக்க வேண்டிய குட்டிக் கட்டம் ஒன்று கீழே இருந்தது. எமெட் அதில் குறித்தார். அதற்கும் கீழே, கூடுதலாக எவ்வளவு பிடிக்கலாம் என்று ஒரு கோடு. இருக்கட்டும் என்று இருநூறு என எழுதினார். வெர்னாவிடம் சொல்லவில்லை. ஏழு வருடத்துக்கு முன் அவர் வீட்டை அடகுவைத்துப் படகு வாடகைத் தொழில் தொடங்கியதில்தான் குடும்பம் முறிந்தது. இந்த ஒரு விஷயத்தையாவது சத்தமில்லாமல் சரிசெய்துவிட நினைத்தார்.

அதே வாரம் பணிமனையில் வெர்னாவுக்கும் யாரோ இதையே சொன்னார்கள். அவளும் குட்டிக் கட்டத்தைக் குறித்து, இருநூற்றைம்பது என்று எழுதினாள். படகைத் தடவிக்கொண்டு நிற்கும் மனிதனிடம் வரியைப் பற்றிப் பேச அவளுக்கு மனம் வரவில்லை.

நவம்பர் சம்பளங்கள் வற்றிப்போய் வந்தன. மேசைமேல் கிடந்த வெர்னாவின் சம்பளச் சீட்டில் கைக்கு வந்த தொகையை மட்டும் பார்த்த எமெட், அவள் தனியாகப் பணம் சேர்க்கிறாள், போகப்போகிறாள் என்று நினைத்தார். அவர் சீட்டிலும் அதை மட்டுமே பார்த்த வெர்னா, மறுபடி எங்கோ படகுத் தொழில் கிளம்பிவிட்டது என்று நினைத்தாள். யாரும் கேட்கவில்லை. பதிலாக இருவருக்கும் மரியாதை கூடிவிட்டது. உருளைக்கிழங்கை நகர்த்தியதற்கு நன்றி சொன்னார்கள். நன்றிக்கு நன்றி சொன்னார்கள்.

எமெட் பயந்துபோய், அவள் போய்விட்டாலும் ஏப்ரலில் அவளுக்குப் பாரம் வரக்கூடாது என்று இன்னொரு நூறைச் சேர்த்தார். வெர்னா பயந்துபோய், அடுத்த கடன் தன் தலையில் விழக்கூடாது என்று முதல் கட்டத்துக்கே திரும்பிப் போனாள்.

அந்தத் தாளின் நகல் டிசம்பர் ஏழாம் தேதி காலை ரொட்டிப் பெட்டிமேல் கிடந்தது. தனியாள். கீழே வெர்னாவின் வட்டமான கையெழுத்து. கல்யாணத்துக்கு இன்னும் இருபத்துமூன்று நாள்.

எமெட் வேலைக்குப் போகவில்லை. குளிரில் ஏரிமேல் வெண்புகை எழுந்து அலைந்துகொண்டிருந்தது. பணிமனைக்கு நடந்தே போனார். வெர்னா காலிப் பேருந்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஏறி, முழங்கால் தாடையில் இடிக்கக் குழந்தைகள் இருக்கையில் உட்கார்ந்தார்.

"நீ போறதா இருந்தா சொல்லிடு, வெர்னா."

"எங்க போறது? மூணேகாலுக்குப் பள்ளிக்கூடம் விட்டுடும்."

அவர் தாளை நீட்டினார். அவள் அதைப் பார்த்தாள். விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தாள்.

"நீ எத்தனை படகு வாங்கியிருக்கே? நிஜத்தைச் சொல்லு."

"ஒண்ணுதான்."

"அப்ப உன் சம்பளம் எங்க போகுது?"

அவர் சட்டைப்பையிலிருந்து தன் சீட்டை எடுத்தார். அவளும் தன் பையைத் துழாவி எடுத்தாள். இரண்டையும் இருக்கைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தார்கள். வரி, கூடுதல் வரி, அதற்கும் மேலே கூடுதல். வெளியே ஒன்றும் தெரியவில்லை. இருவர் மூச்சிலும் பேருந்தின் சன்னல்கள் வெளுத்திருந்தன.

வெர்னாதான் முதலில் சிரித்தாள். "நாம இங்க சண்டை போட்டுக்கிட்டிருக்கோம். நம்ம பணம் ரெண்டும் ஜோடியா வாஷிங்டன் போய்க் குடித்தனம் நடத்துது."

"நீ போயிடுவேன்னு நினைச்சேன்" என்றார் எமெட்.

"நானும்தான் நினைச்சேன்" என்றாள் அவள். அவர் போய்விடுவார் என்று நினைத்தாளா, தானே போய்விடலாம் என்றா என்று அவர் கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார். விளக்குமாறு பிடித்த கை, சூடாக இருந்தது.

பணிமனை அலுவலகத்தில் இரண்டு புதுத் தாள் வாங்கிவந்து, ஸ்டியரிங் சக்கரத்தின் மேலேயே வைத்து எழுதினார்கள். இருவரும் இரண்டாவது கட்டம். இருவரும் குட்டிக் கட்டம். கூடுதல் ஒன்றுமில்லை. எழுதி முடித்ததும் எமெட்டுக்கு உடம்பே லேசாகிவிட்டது. முப்பதாம் தேதிவரை காத்திருப்பானேன், கல்யாணத்துக்கு வேண்டிய லைசன்ஸையாவது இன்றைக்கே வாங்கிவிடலாம் என்றார். மூன்றேகாலுக்கு இன்னும் நேரம் இருந்தது.

நீதிமன்றக் கட்டடத்தில் அவர்களுக்கு முன்னால் யாருமில்லை. சன்னலில் இருந்த இளம்பெண் அவர்கள் நிரப்பிய விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டாள். முந்தைய மணம் யாரோடு என்று கேட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். அவள் புன்னகைத்துவிட்டு, விவாகரத்துத் தேதியைக் கணினியில் தேடினாள். தேடிக்கொண்டே இருந்தாள். எழுந்து உள்ளே போய், ஒரு மெலிந்த கோப்போடு திரும்பினாள். வெளியே பனி மெதுவாக விழத் தொடங்கியிருந்தது.

விவாகரத்து விசாரணை நாளன்று யார் ஆஜரானது என்று கேட்டாள்.

வெர்னா போயிருப்பாள் என்றுதான் நினைத்தேன், எனக்கு அவளை அங்கே பார்க்கத் தைரியம் இல்லை என்றார் எமெட். எமெட் போயிருப்பார் என்று நான் நினைத்தேன் என்றாள் வெர்னா, குரல் இறங்கி.

அந்தப் பெண் கோப்பை மூடி, விண்ணப்பத்தை அவர்கள் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"லைசன்ஸ் தர முடியாதுங்க. யாரும் வராததால அந்தக் கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சு. நீங்க ரெண்டு பேரும் இன்னும் புருஷன் பொண்டாட்டிதான்."