கம்ப்யூட்டரைக் கழித்துக்கட்டினேன்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போதே முடிவெடுத்துவிட்டேன். இன்று பொழுது சாய்வதற்குள் என் பழைய கம்ப்யூட்டர் வீட்டை விட்டு வெளியேறியாக வேண்டும். புதுசு உள்ளே வந்தாக வேண்டும். வாய் நிறைய நுரை இருந்ததால் இதை முழங்க முடியவில்லை. முழங்கியிருந்தாலும் கேட்க ஆளில்லை. மனைவி சாப்பாட்டு மேசையில் எம்பிராய்டரி மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டர் வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. ஓடத்தான் ஓடுகிறது. ஆனால் எனக்குப் பறவைகளை வீடியோ எடுக்கும் பழக்கம் உண்டு. எங்கள் நாலாவது மாடி பால்கனிக்கு வருகிற பறவைகளை மட்டும். அதாவது புறாக்களை. எடுத்ததையெல்லாம் ஒரு ஹார்டு டிஸ்கில் ஏற்றிப் பத்திரப்படுத்துவேன். ஏற்றப் போட்டுவிட்டுக் குளிப்பேன், சாப்பிடுவேன், ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து வருவேன். "இன்னும் பதினைந்து நிமிடம்" என்று திரையில் இருக்கும். அதற்குள் பால்கனியில் இன்னும் நாலு புறா வந்து உட்கார்ந்திருக்கும்.

முதல் நாள்தான் லிஃப்டில் எதிர்வீட்டுக்காரர் என் நெஞ்சில் கொள்ளி வைத்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். புது லேப்டாப் வாங்கியதிலிருந்து அவருக்குப் பேச்சு நிற்பதில்லை.

"நம்மது யூஎஸ்பி மூணு சார், ரெண்டைவிடப் பல மடங்கு வேகம். பேத்தி பிறந்தநாள் வீடியோ மொத்தமும் ஒரு காபி ஆத்துறதுக்குள்ள ஏறிடுச்சு. உங்களது என்ன, ரெண்டா?"

"தெரியல சார்."

"ரெண்டாத்தான் இருக்கும்" என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவருடைய ஆறுதலில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது.

புதுசு வாங்குவதில் ஒரு சிக்கல் இருந்தது. சிக்கலை உண்டாக்கியவன் நான்தான். நான் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். என் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு ஆணி வெளியே போகாது. எட்டு வருஷத்துக்கு முன்னால், மனைவி பாத்திரமாக வாங்கிக் குவிப்பதைத் தடுக்க, அதே முறையை வீட்டிலும் கொண்டுவந்தேன். ஒரு பொருள் வெளியே போனால்தான் இன்னொரு பொருள் உள்ளே வரலாம். வெளியே போக வேண்டியதைக் கழிவுப் பதிவேட்டில் எழுத வேண்டும். நானே ஸ்கேல் வைத்து ஐந்து கட்டம் போட்டேன். பொருள், குறை, நிரூபணம், கையெழுத்து. ஐந்தாவது கட்டம், "வேறு யாருக்காவது தேவையா". தொழிற்சாலையில் அப்படிக் கேட்பது வழக்கம் என்பதால் போட்டு வைத்தேன். எட்டு வருஷமாக அது காலியாகவே கிடந்தது.

முதல் வருஷமே பதிவேடு அவள் கைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் பதிவேட்டில் எழுதாமல் ஒரு கரண்டிகூட வாங்கவில்லை. நானும் ஒரு செருப்புகூட வாங்கவில்லை.

வாயைக் கொப்பளித்துவிட்டு மெஷின் பக்கத்தில் போய் நின்றேன்.

"கம்ப்யூட்டரைக் கழிச்சுடலாம்னு இருக்கேன்."

"குறை என்ன?" தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"யூஎஸ்பி பழசு."

"பழசுன்னா? எத்தனை?"

"ரெண்டு. இப்ப எல்லாரும் மூணுல இருக்காங்க."

"ரெண்டுன்னு யாரு சொன்னது?"

"எதிர்வீட்டுக்காரர்."

"அவரு நம்ம வீட்டுக் கம்ப்யூட்டரைப் பாத்தாரா?"

"பாக்கல."

"நிரூபணம்னு ஒரு கட்டம் போட்டிருக்கீங்க. நீங்கதான் போட்டீங்க" என்றாள். "ரெண்டுன்னு காட்டுங்க, கழிச்சுடலாம், புதுசு வாங்கிக்கலாம். மூணா இருந்துச்சுன்னா இன்னும் அஞ்சு வருஷத்துக்கு இந்தப் பேச்சு இந்த வீட்டுல வரக்கூடாது."

"சம்மதம்."

இங்கே அவளுடைய நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிச் சீருடைகளில் பெயரும் சின்னமும் தைத்துக் கொடுக்கிறாள். பழைய கிரைண்டரைப் பதிவேட்டில் கழித்துவிட்டு வாங்கிய மெஷின், வேறு இடமில்லாததால் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டது. ஆறு மாசமாக நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். தைக்க வேண்டிய டிசைன்களைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வர, வாரம் இரண்டு தடவை பஸ் ஏறித் தங்கை வீட்டுக்குப் போகிறாள். நம் கம்ப்யூட்டரிலேயே ஏற்றிக்கொள்ளட்டுமா என்று ஒரு தடவை கேட்டாள். கண்ட பென்டிரைவையும் செருகினால் வைரஸ் வந்து புறாவெல்லாம் அழிந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தபோதே நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

எதிர்வீட்டு மணியை அடித்தேன். கண்ணாடிக்காரர் லுங்கியோடு வந்து வகுப்பெடுத்தார்.

"சுலபம் சார். பென்டிரைவ் செருகுற ஓட்டைக்குள்ள ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். கருப்பா இருந்தா ரெண்டு. நீலமா இருந்தா மூணு."

"நிச்சயமா?"

"பெரும்பாலும். சில கம்பெனிக்காரங்க இஷ்டத்துக்கு நிறம் போடுவாங்க. சந்தேகமா இருந்தா கம்ப்யூட்டருக்குள்ள டிவைஸ் மேனேஜர்னு ஒரு பட்டியல் இருக்கு, அதைத் திறந்து யூஎஸ்பி வரிசையில பாருங்க. மூணுன்னு எங்கயாவது எழுதியிருந்தா மூணு இருக்கு. அப்புறம் முன்பக்கத்தை மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க. பின்பக்கமும் பாருங்க."

எனக்கு முன்பக்கமே போதுமானதாக இருந்தது. ஜன்னலோர மேசைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் முன்னால் மண்டியிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு ஓட்டை. இரண்டு நாக்கு. இரண்டும் கன்னங்கரேல் என்று இருந்தன. அந்தக் கருப்பைப் பார்த்து அன்று நான் பட்ட சந்தோஷம் கல்யாணத்தன்றுகூடப் பட்டதில்லை.

அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். ஸ்டோர் கீப்பர் புத்தி விடவில்லை. பெட்டியைத் திருப்பினேன். பதினோரு வருஷத்தில் அதன் முதுகை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தூசி அப்பிக் கிடக்கும் என்று நினைத்தேன். துடைத்து வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தது. நடுவில், நல்ல நீலத்தில், இரண்டு நாக்கு.

கம்ப்யூட்டரைப் போட்டு டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். யூஎஸ்பி வரிசையில் 3.0 என்று கூச்சமே இல்லாமல் எழுதியிருந்தது. ஹார்டு டிஸ்கை முன்னாலிருந்து பிடுங்கிப் பின்னால் செருகினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கிற புறா பன்னிரண்டு நிமிஷத்தில் ஏறி முடிந்தது. பதினோரு வருஷமாக நான் தப்பான ஓட்டையில் செருகிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நியாயமான மனிதன் என்ன செய்வான்? கிடைத்த பன்னிரண்டு நிமிஷத்தைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வான். ஆனால் என் கண்ணில் புது லேப்டாப் ஏற்கெனவே ஜொலித்துக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். பைக்குள்ளிருந்து, ஸ்டோரில் பெட்டிகளுக்கு நம்பர் போடும் கருப்பு மார்க்கரை எடுத்தேன். மேசைக்கு அடியில் குப்புறப் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு நாக்குக்கும் மை பூசினேன். எழுந்திருக்கும்போது தலை மேசையில் மடேரென்று இடித்தது.

"என்ன சத்தம்?"

"நிரூபணம் நடக்குது."

ஊதி ஊதிக் காயவைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். ஒரு கையில் பதிவேட்டோடும் மறு கையில் டார்ச்சோடும் வந்தாள். முன்னால் பார்த்தாள். பின்னால் பார்த்தாள். பின்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் குனிந்திருந்தாள். 

"கருப்புதான்" என்றாள்.

"நான்தான் சொன்னேனே."

"எல்லாமே ரெண்டுதானா?"

"அத்தனையும் ரெண்டு."

"உங்களுக்கு எதுக்கும் உதவாது?"

"ஒண்ணுத்துக்கும் உதவாது."

"அப்படியே எழுதுங்க. மேசை, நாற்காலி?"

"அதையும் சேத்துடு. லேப்டாப்புக்கு எதுக்கு மேசை? மடியில வச்சுப்பேன்."

நல்ல கையெழுத்தில் எழுதினேன். பொருள்: கம்ப்யூட்டர், ஜன்னலோர மேசை, சுழல் நாற்காலி. குறை: யூஎஸ்பி அனைத்தும் இரண்டு மட்டுமே, எனக்கு எந்த வகையிலும் பயன்படாது. நிரூபணம்: நேரில் பார்க்கப்பட்டது. கீழே கையெழுத்து, தேதி. தொழிற்சாலையில்கூட இவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போட்டதில்லை.

அவள் பேனாவை என் கையிலிருந்து வாங்கினாள். ஐந்தாவது கட்டத்தில், எட்டு வருஷமாகக் காலியாகக் கிடந்த அந்தக் கட்டத்தில், "எனக்குத் தேவை" என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள்.

"என்ன இது?"

"என் மெஷினுக்கு டிசைன் ஏத்தணும். அதுக்கு ரெண்டே தாராளம். மேசையும் வேணும், ஜன்னல் வெளிச்சமும் வேணும். இனிமே நான் பஸ் ஏற வேண்டாம். நாம சாப்பாட்டு மேசையில சாப்பிடலாம்."

ஒரு நிமிஷம் ஆடிப்போனேன். பிறகு மனதைத் தேற்றிக்கொண்டேன். போனால் போகட்டும். பழசு அவளுக்கு, புதுசு எனக்கு.

"சரி, வச்சுக்க. சாயங்காலம் கடைக்குக் கிளம்பலாமா?"

"எதுக்கு?"

"லேப்டாப் வாங்கத்தான்."

"ஒண்ணு வெளியே போனாத்தானே ஒண்ணு உள்ள வரும்?" என்றாள் நிதானமாக. "கம்ப்யூட்டர் வெளியே போகலையே. உங்க பேர்லேருந்து என் பேருக்குத்தானே மாறியிருக்கு."

சட்டம் நான் போட்டது. அதில் ஓட்டை இருந்தால் எனக்குத்தான் முதலில் தெரியும். ஓட்டையே இல்லை.

"கொஞ்சம் இரு. இன்னொரு தடவை பாத்துடலாம். மூணா இருந்தாலும் இருக்கும்" என்று முனகினேன்.

"கையெழுத்துப் போட்டாச்சே. பொய்யா எழுதினேன்னு சொல்லணும்னா பக்கத்துல ஒரு குறிப்பு எழுதுங்க. உங்க ஸ்டோர்ல அப்படி எழுதினவங்களை என்ன செய்வீங்க?"

 அவள் உள்ளங்கையை விரித்தாள். கருப்பு மார்க்கரின் மூடி.

"மேசைக்கடியில கிடந்துச்சு. பின்னாடி ரெண்டும் நீலம்னு எனக்கு எப்பவோ தெரியும். சனிக்கிழமை சனிக்கிழமை அதைத் தூசி துடைக்கிறது யாருன்னு நினைச்சீங்க?"

"தெரிஞ்சா ஏன் இத்தனை வருஷமாச் சொல்லல?"

"நீங்க கேக்கல. நான் தொட்டா வைரஸ் வந்துடும்னு வேற சொன்னீங்க."

சிரித்துவிட்டாள். அவள் சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும், அதுதான் என் பலவீனம். மெஷினை ஜன்னலோர மேசைக்கு மாற்றினோம். அன்றைக்கு மத்தியானம் ஆறு மாசத்துக்குப் பிறகு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, தட்டை மேசைமேல் வைத்துச் சாப்பிட்டோம். உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு நான் பூசிய மையைத் துடைத்தாள். நீலம் புதுசாகப் பளபளத்தது.

இப்போது ஜன்னலோரம் அவள் ராஜ்ஜியம். சுவரில் ஒரு அட்டவணை தொங்குகிறது. செவ்வாய், வெள்ளி, மாலை ஆறிலிருந்து ஆறே முக்கால் வரை புறாக்களுக்கு அனுமதி. போன செவ்வாய்க்கிழமை ஹார்டு டிஸ்கோடு மெல்லப் பெட்டியின் பின்பக்கம் கையை நீட்டினேன். தைத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"முன்னாடி செருகுங்க. பதிவேட்டுப்படி உங்களுக்கு ரெண்டுதான்."