புளி போட்டு விளக்கிய கடல்

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கடலையே அழித்தவளின் ஒப்புதல் வாக்குமூலம் இது. (சின்னக் கடல்தான். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம். இருந்தாலும் அழித்தது அழித்ததுதான்.)

என் மகள் இனியாவுக்கு ஐந்து வயது முடியப் போகும் சமயம். மீன் தொட்டியைப் பார்க்கும் குழந்தைகள் செல்போனை மறந்துவிடுகிறார்கள் என்று எங்கேயோ படித்தேன். நல்ல அம்மா என்றால் உடனே செய்ய வேண்டாமா? சாதாரணத் தங்கமீன் போதும் என்று என் கணவர் சொன்னார். எனக்குப் போதவில்லை. கடல் மீனே வேண்டும், ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட அந்தச் சோடி மீன்தான் வேண்டும் என்றேன். பிறந்தநாளன்று தொட்டியில் அந்த மீன்கள் நீந்தும் என்று இனியாவிடம் சத்தியமும் செய்துவிட்டேன். அவள் அன்றைக்கே வகுப்பில் போய் எட்டுப் பேரை அழைத்துவிட்டு வந்தாள்.

கோயம்புத்தூரில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான் தெரியும். கடலை நாமேதான் கலக்கிக்கொள்ள வேண்டும். துடியலூரில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் சம்பத் உப்பு மூட்டை, கடல் கல், மணல், பம்பு எல்லாம் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார்.

"அம்மணி, ஆறு வாரத்துக்கு மீன் கெடையாதுங்க. மீன் போடற கழிவத் திங்கற பாக்டீரியா மொதல்ல கல்லுலயும் மணல்லயும் குடியேறோணும். அது வரைக்கும் வெறுந்தொட்டிக்குத் தெனமும் துளி தீனி போடுங்க. மொதல்ல பழுப்பாப் பாசி வரும், அப்பறம் பச்சையா வரும். வரட்டுமுங்க. நீங்க ஒண்ணுமே செய்யாதீங்க, அது போதும்."

தலையாட்டினேன். எனக்கு அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. நான் படித்தது நுண்ணுயிரியல். முதல் வகுப்பில் தேறியவள். (இந்தத் தகவலைத் தயவுசெய்து கட்டுரை முடியும்வரை நினைவில் வைத்திருக்கவும். என் கணவர் இன்றுவரை வைத்திருக்கிறார்.)

தினமும் வெறுந்தொட்டிக்குத் தீனி போட்டேன். என் மாமியார் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, ஆருக்குச் சோறு போடறே?"

"பாக்டீரியாவுக்குங்க அத்தை."

அவர் அதன்பிறகு என்னிடம் கொஞ்சம் மென்மையாகவே பேசினார்.

இரண்டாம் வாரம் மணல் மீது காப்பிப் பொடி தூவியதுபோல் பழுப்புப் படிந்தது. நான்காம் வாரம் கல்லெல்லாம் பச்சைத் தலைமுடி முளைத்தது. மீன் வளர்ப்பவர்களின் இணையக் குழுவில் கேட்டேன். ஒருவர் விளக்கை அணைக்கச் சொன்னார், இன்னொருவர் நத்தை விடச் சொன்னார், மூன்றாமவர் என்னையே வீட்டைவிட்டு வெளியே போய் உலாத்திவிட்டு வரச் சொன்னார். மூன்றாமவர்தான் மேதை. எனக்கு அப்போது அது தெரியவில்லை. சம்பத்துக்குத் தினமும் போன் செய்தேன்.

"பாசி ரொம்பப் பச்சையா இருக்குதுங்க."

"நல்லதுங்க."

"நேத்தைய விட நீளமா இருக்குதுங்க."

"ரொம்ப நல்லதுங்க அம்மணி."

இப்படி நல்லது நல்லது என்கிற மனிதரை எப்படி நம்புவது? என் அத்தையோ தொட்டியைக் கடக்கும்போதெல்லாம் மூக்கின் மேல் விரல் வைத்தார். "இதென்ன கண்ணு, தோட்டத்துக் கெணறாட்ட இருக்குது? நாளைக்கு நாலு பேரு வந்தா என்ன நெனைப்பாங்க?"

அந்த நாலு பேர்தான் என் வாழ்க்கையின் நிரந்தர நீதிபதிகள். இந்த முறை எட்டுக் குழந்தைகளும் எட்டு அம்மாக்களுமாக வரப்போகிறார்கள். அழுக்குத் தொட்டி வைத்திருக்கிறவள் பிள்ளைக்கு என்னத்தை ஊட்டுவாளோ என்று யோசிக்க மாட்டார்களா?

பிறந்தநாள் சனிக்கிழமை. சரியாக ஆறு வாரம் முடிகிற நாள். அதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமைப் பூசைக்காக எங்கள் வீட்டில் பித்தளைச் சாமான் தேய்க்கும் நாள் அது. குத்துவிளக்கு, தூபக்கால், மணி எல்லாம் தேய்த்து முடித்தேன். எல்லாம் பளபளவென்று இருந்தன. கையில் கொஞ்சம் புளி மிச்சம் இருந்தது.

ஒரே ஒரு கல்லை மட்டும் என்றுதான் எடுத்தேன். சத்தியமாக. அந்தக் கல் வெள்ளையானதும் பக்கத்துக் கல் கேவலமாகத் தெரிந்தது. அதையும் எடுத்தேன். பிறகு தொட்டியில் இருந்த ஐந்தையும். புளியும் கல்லுப்பும் போட்டுத் தேங்காய் நாரால் பொந்து பொந்தாகத் தேய்த்தேன். (கடல் கல்தானே, உப்புப் பட்டால் என்ன என்று ஆராய்ச்சி வேறு.) மணலை அரிசி களைவதுபோல் களைந்தேன், குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீரில், ஒன்பது முறை. கண்ணாடியைத் துடைத்து, புதிதாக உப்புத் தண்ணீர் கலக்கி நிரப்பினேன். பள்ளி வேன் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆறு வாரமாகக் குடியேறிய கோடானுகோடி உயிர்களைச் சாக்கடையில் விட்ட நுண்ணுயிரியல் பட்டதாரி, இடுப்பில் கை வைத்து நின்று ரசித்தாள்.

பம்பு கம்பெனியில் வேலை பார்க்கும் என் கணவர் மாலையில் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பம்பையுங் கழுவிப்போட்டியா?"

"கழுவிட்டேனுங்க."

"சரி," என்றார். அவருக்கு அதற்குமேல் அக்கறையில்லை.

சனிக்கிழமை காலை சம்பத் சோடி மீன்களைப் பையில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். தொட்டியைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார்.

"அம்மணி, பாசி எங்கீங்க?"

"எல்லாத்தையும் சுத்தமாத் தேச்சுட்டனுங்க," என்றேன். குரலில் பாராட்டை எதிர்பார்க்கும் மாணவியின் குழைவு.

"எதுலீங்க?"

"புளியிலீங்க."

அவர் சோபாவில் உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்துவிட்டு, கொங்கு நாட்டு மரியாதை ஒரு துளியும் குறையாமல் சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்க. உப்பு இருக்குது, புளி இருக்குது. இன்னி மெளகு சீரகம் போட்டீங்கன்னா ரசமுங்க. இதுல மீன உட்டா பொழைக்காதுங்க. ஆரம்பத்துல இருந்து ஆறு வாரம்."

மீன்கள் வந்த பையிலேயே துடியலூருக்குத் திரும்பிப் போயின. பையிலிருந்து அவை என்னைப் பார்த்ததாகவும், தப்பித்தோம் என்று நினைத்ததாகவும் எனக்கு ஒரு எண்ணம்.

குழந்தை அழுவாள், ஏமாற்றம் வாழ்க்கையில் ஒரு பாடம் என்று பேசித் தேற்றலாம் என மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். அவள் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தொட்டி முன்னால் வெகுநேரம் நின்றாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மாலையில் எட்டுக் குழந்தைகளும் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தினார்கள்.

"ஆன்ட்டி, மீன் எங்கே?"

நான் வாயைத் திறப்பதற்குள் இனியா கையை விரித்து அறிவித்தாள்: "எங்கம்மா கடலையே புளி போட்டு வெளக்கிப்போட்டாங்க! அதான் மீனு பயந்துட்டு ஊட்டுக்குப் போயிருச்சு."

எட்டு அம்மாக்களும் சிரித்தார்கள். நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று பயந்தேன் அல்லவா? அதன் இரண்டு மடங்குப் பேர் நினைத்துவிட்டுப் போனார்கள். கேக் கொண்டுவந்த என் அத்தை, "எங்க மருமக படிச்சதே அந்தப் பாக்டீரியாப் படிப்புத்தானுங்க," என்று ஒவ்வொருவரிடமும் விளக்கினார். எனக்கு ஆதரவாகப் பேசுகிறாராம்.

மறுபடியும் ஆறு வாரம். மறுபடியும் பழுப்பு, மறுபடியும் பச்சைத் தலைமுடி. இனியா தொட்டியில் ஒரு காகிதம் ஒட்டினாள்: "அம்மா தொடக் கூடாது." வியாழக்கிழமைகளில் புளி அத்தையின் பொறுப்புக்குப் போனது. ஒருவழியாக மீன்கள் வந்தன. இன்றும் கொழுகொழுவென்று இருக்கின்றன. காகிதமும் அப்படியே இருக்கிறது.

போன விடுமுறையில் இனியாவுக்கு முதன்முதலாக நிஜமான கடலைக் காட்ட அழைத்துப் போனோம். அலை விலகியதும் கரையோரப் பாறைகள் தெரிந்தன. எல்லாவற்றிலும் வழவழவென்று பச்சைப் பாசி.

"ஏம்புள்ள, புளி கொண்டாந்தியா?" என்றார் கணவர்.

இனியா கடலைப் பார்க்கவே இல்லை. ஓடிவந்து என் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் எவ்வளவோ சிரித்துச் சமாளித்தேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவள் பிடித்துக்கொண்டதும் நல்லதுதான். அந்த முதல் பாறைக்கு எவ்வளவு நார் தேவைப்படும் என்று நான் கணக்குப் போட ஆரம்பித்திருந்தேன்.