பச்சைப் பசேலென்று இரண்டு ஏக்கர்

எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது. இந்த ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்கு நான்கு வருஷமும் இரண்டு ஏக்கர் வேர்க்கடலையும் ஆயின. முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை.

ஆரம்பித்து வைத்தவர் என் நைனா. பெண் பார்க்க வந்தவர்களிடம், "பொண்ணு எட்டாவது படிச்சிருக்குது, தெலுங்கும் வரும்" என்று சொல்லிவிட்டார். வரும்தான், மோர் விற்கிற அம்மாளிடம் பேரம் பேசுகிற அளவுக்கு. எழுத்தைப் பொறுத்தவரை, எல்லா எழுத்தும் தலையில் ஒரு டிக் போட்டுக்கொண்டு நிற்கும் என்பது மட்டும் தெரியும். (பள்ளிக்கூடத்தில் சரியான விடைக்குப் போடுவார்களே, அந்த டிக்.)

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில். கல்யாணமானபோது அது சென்னை ராஜ்யம். வருகிற காகிதமெல்லாம் தமிழில் வரும், நான் படித்துச் சொல்வேன், ஒரு வம்பும் இல்லை. பிறகு எல்லையைப் பேசித் தீர்த்தார்கள். ஊர் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு ஆந்திராவுக்குப் போய்விட்டது. காகிதங்கள் தெலுங்கில் வர ஆரம்பித்தன.

ஊரில் பலர் கையைப் பிசைந்தார்கள். என் மாமனார் பிசையவில்லை. அவருக்கு எந்த எழுத்தும் தெரியாது, என் வீட்டுக்காரர் தமிழில் ஐந்தாவதோடு நின்றவர். ஆனால் வீட்டில்தான் தெலுங்கு தெரிந்த மருமகள் இருக்கிறாளே. முதல் காகிதத்தை என்னிடம் நீட்டியபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தேன். அதைக் கெடுக்க மனசு வரவில்லை. (தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை.) கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்தேன். பெருமூச்சு விட்டேன். "வரி கட்டச் சொல்றாங்க மாமா" என்றேன். சர்க்கார் காகிதத்துக்கு இது பெரும்பாலும் பொருந்திவிடும். அப்படியே நான்கு வருஷம் ஓட்டினேன்.

நான்காவது வருஷம் எங்கள் நிலத்துக்குப் பெருமை வந்தது. விவசாய இலாகாவின் கிராம சேவகர், மீசை அப்போதுதான் முளைத்திருந்த பிள்ளை, எங்கள் இரண்டு ஏக்கர் வேர்க்கடலையை மாதிரி நிலமாகத் தேர்ந்தெடுத்தார். எல்லாவற்றையும் முறைப்படி செய்ய வேண்டும், விளைந்த பிறகு சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களைக் கூட்டி வந்து காட்ட வேண்டும் என்றார்.

முறைப்படி என்ற வார்த்தை என் முதுகைத்தான் முறித்தது. கோடை மழை பெய்ததும் ஒரு உழவு. அது காய்ந்ததும் குறுக்கே ஒரு உழவு. பத்து நாள் ஆட்டுக்கிடை. அந்தப் புழுக்கை காய்வதற்குள் அதை மண்ணோடு சேர்த்துப் புரட்ட இன்னொரு உழவு. உழுததில் புரண்ட கட்டிகளை மரக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டி உடைத்தது நானும் கூலிக்கு வந்த மூன்று பெண்களும். விதைப்பின்போது ஏருக்குப் பின்னால் குனிந்துகொண்டே போய், சாலில் சாணுக்கு ஒரு விதை போட்டேன். மூன்று நாள் கழித்து நிமிர்ந்தேன். அதற்குள் களை முளைத்துவிட்டது, மறுபடி குனிந்தேன்.

பூ விடுகிற சமயத்தில் வண்டியில் எட்டு மூட்டை உரம் வந்தது. அதுவரை எங்கள் நிலம் பார்த்ததெல்லாம் சாணியும் புழுக்கையும் தழையும்தான். நான்கு மூட்டையில் இருந்தது சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு போன்ற மங்கலான தூள். மற்ற நான்கில் சர்க்கரை மாதிரி மினுமினுவென்று பொடிக் கல். ஒன்று வேர்க்கடலைக்கு, இன்னொன்று ஏரிக்குக் கீழே இருந்த எங்கள் நெல்லுக்கு. எது எதற்கு என்று சொல்ல வேண்டிய கிராம சேவகர் ஏதோ பயிற்சிக்காகச் சித்தூர் போயிருந்தார். காகிதத்தில் எழுதி வண்டிக்காரரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்.

மாமனார் காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டுக் கைகட்டி நின்றார். இந்த முறை வரி என்று சொல்ல முடியாது. பார்த்தேன். அத்தனை எழுத்தும் டிக் போட்டுக்கொண்டு நின்றன. யோசித்தேன். நாலு பேருக்குக் காட்டப்போகிற பயிர் வேர்க்கடலை. சர்க்கரை போல இருக்கிற நல்ல சரக்கை அதற்குத்தானே அனுப்பியிருப்பார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, விரலை வரிவரியாக நகர்த்தி, நிறுத்தி நிதானமாகப் படித்தேன்.

"மினுக்கினு கீதே, அது மல்லாட்டைக்கு. சுண்ணாம்பு மாதிரி கீறது நெல்லுக்கு."

எவ்வளவு போட வேண்டுமாம் என்று கேட்டார். முழுவதையும் என்றேன். (மிச்சம் வைத்தால் எங்கே வைப்பது என்பதுதான் அப்போது என் கவலை.) அவர் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

அடுத்த சில வாரங்களில் அந்த வேர்க்கடலை வளர்ந்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. செடியா அது. கரும்பச்சையாக, முழங்காலைத் தாண்டி, பாத்தி தெரியாமல் மூடிக்கொண்டு நின்றது. வழிப்போக்கர்கள் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மாமனார் துண்டை உதறித் தோளில் போடுகிற விதமே மாறிவிட்டது. ஏரிக்குக் கீழே நெல் மட்டும் காமாலை வந்தது போல வெளுத்துக் கிடந்தது. தண்ணீர் சரியில்லை என்று சொல்லிவிட்டார். சித்தூரிலிருந்து திரும்பிய கிராம சேவகர் வரப்பில் நின்று ஒரு பார்வை பார்த்தார். செடிக்குள் கால் வைக்கவில்லை. அவருக்கும் பெருமை தாங்கவில்லை. நேராகப் போய்ப் பெரிய அதிகாரிக்குச் சொல்லிவிட்டார். நாள் குறித்தாயிற்று.

அதற்கு ஒரு வாரம் முன்னால் சாரணைக் கீரை பறிக்கப் போன நான் கை சும்மா இருக்காமல் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர்க்கடலையில் பூ காய்ந்ததும் அதன் அடியிலிருந்து ஊசி போல ஒன்று இறங்கி மண்ணுக்குள் போகும். அதன் நுனியில்தான் காய் பிடிக்கும். நான் பிடுங்கிய செடியில் நாலைந்து ஊசி தொங்கியது. காய் இல்லை. இந்தச் செடி சோம்பேறி என்று நினைத்து அடுத்ததைப் பிடுங்கினேன். அதற்கும் அடுத்ததை. ஏழாவது செடியில் ஒரே ஒரு காய் இருந்தது. அமுக்கினேன், பொக்கு.

ஏழு செடிகளையும் திரும்ப நட்டு, மண்ணை அமுக்கிவிட்டு வீட்டுக்கு வந்து கீரையைக் கடைந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு வாரம் நான் சோறு துன்ன லட்சணத்தைப் பார்த்து, முழுகாமல் இருக்கிறேனோ என்று என் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார்.

அன்றைக்கு ஜீப்பில் பெரிய அதிகாரி வந்தார். மாட்டு வண்டிகளில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அறுபது பேராவது வந்திருப்பார்கள். மாமனாருக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். அதிகாரி தெலுங்கில் கொஞ்சம் பேசிவிட்டு, ஒரு செடியைப் பிடுங்கி எல்லோருக்கும் காட்டச் சொன்னார்.

மாமனார் மாலையோடு குனிந்து பிடுங்கினார். மண்ணை உதறினார். இன்னும் கொஞ்சம் உதறினார். பிறகு நடு நிலத்துக்குப் போய் வேறொன்றைப் பிடுங்கினார். கிராம சேவகரும் இறங்கி இரண்டு கையாலும் பிடுங்கினார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், மாட்டுக்கு நல்ல தீவனம் என்று மட்டும் சொன்னார். குத்தலாகச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

என்ன உரம் போட்டீர்கள் என்று அதிகாரி கேட்டார். காகிதத்தில் இருந்தபடி என்று சொல்லி மாமனார் அதை இடுப்பிலிருந்து எடுத்தார். என் மருமகள்தான் படித்துச் சொன்னாள் என்று, அந்த நிலையிலும் பெருமையாக, பெண்கள் பக்கம் நின்றிருந்த என்னைக் காட்டினார். அதிகாரி காகிதத்தை என்னிடம் நீட்டி, படிக்கச் சொல்லி, "சதுவம்மா" என்றார்.

அறுபது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காகிதம் மாமனாருடைய இடுப்பு வியர்வையில் நனைந்து பிசுபிசுத்தது. வாய் திறந்து ஏதாவது படித்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவ்வளவு பழகிப்போயிருந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றேன்.

அதிகாரி காகிதத்தை வாங்கி அவரே படித்தார். சுண்ணாம்பு போன்றது ஜிப்சமாம். காய் பிடிக்க வேர்க்கடலைக்கு. மினுமினுப்பது அமோனியாவாம். தழைக்க நெல்லுக்கு. அதை வேர்க்கடலைக்குக் கொட்டினால் இலையாகத்தான் விளையும் என்றார். எங்கள் நிலம் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பச்சைப் பசேலென்று ஆடியது.

மாமனார் என்னையே பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவர் மனசு வேறு எங்கேயோ போயிருந்தது.

"அப்போ போன வருசம் வந்த காகிதம்?"

"அதுவும்தான் மாமா."

"அதுக்கு மின்ன வருசம்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மாலையைக் கழற்றி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அதிகாரியிடம், "எனக்கும்தான் தெரியாது சாமி. அத்த சொல்லிக்கினு கீறதுக்கு எனக்கு வெக்கமில்ல, அவளுக்கு வெக்கமா இருந்திருக்குது" என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைக் கேட்டுத்தான் அழுதேன்.

மறுநாள் பரண்மேல் இருந்த நான்கு வருஷக் காகிதக் கட்டை இறக்கி, கிராம சேவகரை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னார்கள். முக்கால்வாசி வரிதான். (நான் அவ்வளவு மோசமில்லை.) ஒன்று மாட்டுக்கு ஊசி போட வருகிறார்கள் என்பது. இன்னொன்று, பங்காருபாளையத்திலிருந்து ஒட்டு மாங்கன்று பத்து, காசில்லாமல், நேரில் வந்து வாங்கிக்கொள்ளவும். கெடு முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்த வருஷம் மாடுகள் கொழுத்தன. எங்கள் வீட்டில் கடலை எண்ணெய் இல்லை. அடுத்த போகத்துக்கு விதைக்கடலை என் நைனா வீட்டிலிருந்து வண்டியில் வந்தது. நைனா வரவில்லை.

மாமனார் அதற்கப்புறம் இருபது வருஷம் இருந்தார். ஒரு நாளும் என்னைக் கடிந்து பேசியதில்லை. கேலி மட்டும் விடவில்லை. பளபளப்பாக எது கண்ணில் பட்டாலும், புது மாடு, புதுக் குடம், தேர்தலுக்கு வந்து கும்பிடுகிற ஆள், எதுவானாலும் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரே கேள்வி: "புடுங்கிப் பாத்தியாம்மா?"

என் மகளைப் பெண் பார்க்கத் திருப்பதியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் கைக்கடிகாரமும் சுருள் முடியுமாக வந்து உட்கார்ந்தார். நான் காப்பித் தட்டோடு போகும்போது மாமனார் ரகசியமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டார். அவருக்கு அப்போது காது மந்தம். கூடம் முழுக்கக் கேட்டது. அப்புறம் அந்தக் கதை முழுவதையும் சம்பந்தி வீட்டாருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னது நானேதான்.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு இப்போது தலை வழுக்கை, வேலையிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டார். பண்டிகைக்கு எல்லோரும் கூடும்போது யாராவது ஒருவர் என் மகளிடம் கேட்காமல் இருப்பதில்லை, இன்னா, புடுங்கிப் பாத்தியா என்று.

அவள் இலையில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "பாத்துக்கினுதான் கீறேன்" என்பாள்.